தைரியம் இருக்குதுங்க, பேமெண்ட்டு தான் வர மாட்டேங்குது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, நாப்பது வயசுக்கு மேல வேலைய விட்டுட்டு ஃப்ரீலான்ஸ் பண்றத பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லா தான் இருந்துச்சு, படமெல்லாம் போட்டு, பீச்சுல ஒருத்தரு மடில லேப்டாப் வெச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, அந்த வெயில்ல ஸ்க்ரீன் எப்படி தெரியுதுன்னு தான் எனக்கு புரியல. கட்டுரை முழுக்க தைரியம், தன்னம்பிக்கை, காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கறதுன்னு இருந்துச்சே தவிர, பண்ணின வேலைக்கு காசு எப்ப கைக்கு வரும்ங்கறத பத்தி ஒரு வரி கூட இல்ல. அத சொல்லத்தான் இந்த லெட்டர் எழுதறேன். நீளமா தான் போகும், எடம் இல்லைன்னா எங்க வேணா வெட்டிக்கோங்க, ஆனா 45 நாளைக்குள்ள பில்லுக்கு காசு குடுத்தாகோணும்ங்கற அந்த சட்ட சமாச்சாரத்த மட்டும் வெட்டிடாதீங்க, அதுக்காகத்தான் எழுதறதே.

நான் கோயம்புத்தூருங்க, மெக்கானிக்கல் டிசைன் வேலை. டிப்ளமோ முடிச்ச கையோட ஒரு பம்பு கம்பெனில சேந்து, அப்பறம் ஸ்பெஷல் பர்ப்பஸ் மிஷின் பண்ற எடத்துக்கு மாறி, ஜிக்கு, ஃபிக்ஸரு, காஸ்டிங் ட்ராயிங்குன்னு நாப்பத்தி ரெண்டு வயசு வரைக்கும் மாச சம்பளம் தான். யாரும் தொரத்தல, சண்ட போட்டுட்டும் வரல. ஆனா அந்த வயசுல ஒண்ணு டிசைன விட்டுட்டு மேனேஜர் ஆகி மீட்டிங் மீட்டிங்கா உக்காரோணும், இல்லைன்னா இந்த ஆளு சம்பளத்துக்கு ரெண்டு புதுப் பசங்கள போட்டுக்கலாமேன்னு ஹெச்.ஆர். போடற கணக்கு நம்ம காதுலயே விழுகற மாதிரி இருக்கும். எனக்கு ட்ராயிங் போடத்தான் புடிக்கும், அதனால வெளிய வந்துட்டேன். வேலைக்கு பஞ்சமே இல்லீங்க, அத மொதல்லயே சொல்லிடறேன், ராத்திரி பத்து மணிக்கு கூட போன் வருது, நாளைக்கு காலைல காஸ்டிங்குக்கு மாதிரி அச்சு செய்யற பாட்டன் ஷாப்புக்கு ட்ராயிங் போகோணும்னு.

இன்னொண்ணு, இது என்னமோ சிலிக்கான் வேலில இருந்து இறங்கின புது ஃபேஷன் மாதிரி எழுதறாங்க. எங்க ஊருக்கு இது புதுசே இல்ல. 1932ல பைக்காரா கரண்ட்டு வந்தப்பறம் மில்லு பெருகுச்சு, மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வேணும், தோட்டத்து கெணத்துக்கு மோட்டாரு பம்பு வேணும்னு பட்டறைங்க வந்துச்சு, அந்த பட்டறைல வேலை கத்துக்கிட்டவரு ஒரு நாள் முதலாளிகிட்ட சொல்லிட்டு வெளிய வந்து, பழைய லேத்து ஒண்ணு வாங்கி ஊட்டுக்கு பின்னாடி ஷெட்டுல போட்டு, அதே முதலாளிக்கே ஜாப் ஆர்டர் பண்ணிக் குடுப்பாரு. ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கம் சந்துக்குள்ள போனீங்கன்னா இன்னைக்கும் அப்படித்தான், தாத்தா லேத்து ஓட்டுன எடத்துல பேரன் சிஎன்சி ஓட்டறாரு. நான் பண்றதும் அதே வேலை தான், லேத்துக்கு பதிலா கம்ப்யூட்டர், அவ்வளவு தான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, அது தான் உயிர எடுக்குது. லேத்துக்காரரு டர்னிங் பண்ணின பீஸு அவரு ஷெட்டுல இருக்கும், டெம்போ வந்து தூக்கிட்டு போனா தான் கம்பெனிக்கு போகும், பழைய பாக்கி வெக்காம எடுத்துட்டு போங்கன்னு வாசல்ல நின்னு சொல்லவாவது சொல்லலாம். என் ட்ராயிங் மெயில்ல போயிடுது. போன அடுத்த நிமிஷம் அது அவங்குளுது.

இப்ப வேலைய விடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. மாசம் 50,000 சம்பளம் வாங்கறவரு, 25 நாளு, நாளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 200 மணி நேரம்னு போட்டு, அப்ப மணிக்கு 250 ரூபா வந்தா பழைய சம்பளம் வந்துருமேன்னு நெனைக்கறாரு. பல பேரு இந்த ரேட்ட தான் கோட் பண்றாங்க, கஸ்டமருக்கும் அது ரொம்ப சந்தோஷம். ஆனா வெளிய வந்தா 200 மணி நேரமும் பில்லு போட முடியாது. கோட்டேஷன் அனுப்பறது, கஸ்டமர் கம்பெனி வாசல்ல செக்யூரிட்டி நோட்டுல கையெழுத்து போட்டுட்டு காத்துக்கிட்டு இருக்கறது, "சின்ன சேஞ்சு தானுங்ணா"ன்னு சொல்லி அசெம்ப்ளிய முழுசா மாத்த வெக்கறது, பேமெண்ட்டுக்கு போன் அடிக்கறது, இதுக்கெல்லாம் யாரு காசு குடுப்பா, பாதி நேரம் தேறினாலே பெருசு. அதுக்கு மேல கம்பெனி போட்டுக்கிட்டு இருந்த பி.எஃப். பங்கு இல்ல, லீவு எடுத்தா காசு இல்ல, யுபிஎஸ் பேட்டரி நம்ம செலவு, சாஃப்ட்வேர் லைசென்ஸ் நம்ம செலவு. சாஃப்ட்வேர் பத்தி ஊரறிஞ்ச ரகசியம் ஒண்ணு இருக்கு, அத பேப்பர்ல எழுத வேண்டாம். பெரிய 3டி சாஃப்ட்வேர் நேர் வழில வாங்கினா லட்சத்துல தான் பேசோணும், அதனால நான் சின்ன வேலைங்கள ஃப்ரீகேட்டுன்னு காசில்லாம கெடைக்கற சாஃப்ட்வேர்ல பண்றேன், 2024 கடைசில 1.0 வந்தப்பறம் அது எவ்வளவோ பரவால்ல. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா மணிக்கு 250 இல்ல, 600 தாண்டினா தான் பழைய சம்பளத்துக்கு பக்கத்துலயே வர முடியும். இத கஸ்டமர்கிட்ட சொன்னா "ஏனுங்க, எங்க கம்பெனில இருக்கற பையனுக்கே அவ்வளவு குடுக்கலீங்களே"ம்பாங்க. அந்த பையனுக்கு நீங்க குடுக்கற டேபிள், சேரு, ஏசி, கேண்டீன் சோறு, தீபாவளி போனஸ் எல்லாம் கூட்டிப் பாருங்கன்னு சொல்லோணும், சொன்னா அடுத்த ஆர்டர் வராது.

வேலைய விடறதுக்கு முன்னாடி ஆபீஸ் ஐடி கார்டு கழுத்துல இருக்கும் போதே முடிச்சுக்க வேண்டிய விஷயம் சிலது இருக்கு, அத உங்க கட்டுரைல போட்டிருக்கலாம். ஊட்டு லோன் வாங்கற ஐடியா இருந்தா அப்பவே வாங்கிடுங்க, ஏன்னா வெளிய வந்துட்டா பேங்குல சம்பள சிலிப் எங்கன்னு கேப்பாங்க, இல்லைன்னா மூணு வருஷ வருமான வரி ரிட்டர்ன் கொண்டாங்கன்னு சொல்லுவாங்க, மூணு வருஷம் கழிச்சு போனா வருமானம் ஏறி எறங்குதேன்னு சொல்லுவாங்க. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் வேலைய விட்ட அன்னைக்கே நின்னுடும், ஆனா அதே இன்சூரன்ஸ் கம்பெனில தனி பாலிசியா மாத்திக்க வழி இருக்கு, ஏற்கனவே காத்திருந்த காலத்தையும் கணக்குல எடுத்துக்குவாங்க, அத கடைசி நாளுக்கு முன்னாடியே ஹெச்.ஆர்.கிட்ட கேட்டு எழுதிக் குடுக்கோணும். சுகரு, பிரஷர் இருக்கறவங்க இத விட்டுட்டா புதுசா எடுக்கற பாலிசில பழைய வியாதிக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டி வரும். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனி நபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டிய எடுத்துட்டாங்க, அந்த 18 சதவீதம் கொறஞ்சது எங்கள மாதிரி ஆளுகளுக்கு நெசமாவே ஒரு உபகாரம், கவர்மெண்ட்ட திட்டறப்ப இதையும் சொல்லோணுமில்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கேன்னு சில பேரு சொல்றாங்க, அதுக்கு குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கோணும், நமக்கு வராது.

கிராஜுவிட்டி அஞ்சு வருஷம் முடிஞ்சவங்களுக்கு உண்டு, கடைசி பேசிக்கையும் டி.ஏ.வையும் (2025 நவம்பர்ல புது தொழிலாளர் சட்டம் வந்தப்பறம், அலவன்ஸு மொத்த சம்பளத்துல பாதிய தாண்டினா அந்த மிச்சத்தையும் சேத்து) 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி வருஷத்தால பெருக்கோணும். பேசிக்கு 26,000, சர்வீஸ் 18 வருஷம்னா 2,70,000 வரும். அந்த சட்டம் வர்றதுக்கு முன்னாடி, பேசிக்க கொறச்சு வெச்சுட்டு அலவன்ஸா அள்ளிக் குடுத்த கம்பெனிங்க அருமை வெளிய வர்ற அன்னைக்கு தான் தெரிஞ்சுச்சு. பி.எஃப்.ப மொத்தமா எடுத்து கார் வாங்காதீங்க. 10 வருஷம் சர்வீஸ் தாண்டினவங்களுக்கு பென்ஷன் கணக்குல ஸ்கீம் சர்டிபிகேட் குடுப்பாங்க, அத வாங்கி பத்திரமா வெச்சா 58ல ஏதோ ஒரு தொகை வரும், பெருசா ஒண்ணும் இருக்காது, மாத்திரைக்கு ஆகும்.

ஊட்டுல எல்லாம் என்ன சொல்றாங்கன்னு கேப்பீங்க. எங்க ஊட்டுல அவங்க ஒண்ணும் சொல்லல, "ஏனுங்க, பையன் காலேஜ் ஃபீஸ் கட்டற மாசம் மட்டும் சொல்லிப்போடுங்க"ன்னு ஒரே கண்டிஷன் தான். மாமனார் தான் இன்னைக்கு வரைக்கும் கல்யாண ஊட்டுல யாராச்சும் கேட்டா மாப்ளைக்கு அந்த கம்பெனில வேலைன்னே சொல்லிக்கிட்டு இருக்காரு. அவர சொல்லிக் குத்தமில்ல, அவரு மில்லுல இருந்து ரிட்டையர் ஆனவரு, ஒண்ணாந்தேதி கவர் வாங்கின தலமுறை.

சரி காசு விஷயத்துக்கு வரேன்.

வரி பக்கம் உண்மைல எளிசா தான் வெச்சிருக்காங்க. இன்ஜினியரிங், டெக்னிக்கல் கன்சல்டன்சி இதுக்கெல்லாம் வருமான வரிச் சட்டத்துல 44ஏடிஏன்னு ஒரு பிரிவு உண்டு, 2026 ஏப்ரல்ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வந்து நம்பரெல்லாம் மாறிடுச்சு, ஆனா ஆடிட்டருங்க வாய்ல இன்னும் பழைய நம்பர் தான், ஏற்பாடு அதே தான். வருஷ வரவு 50 லட்சம் வரைக்கும், ரொக்கமா வாங்கறது 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம் வரைக்கும், பாதிய லாபம்னு காட்டிட்டு வரி கட்டிடலாம், கணக்கு புத்தகம் தேவையில்ல. அட்வான்ஸ் டாக்ஸையும் மார்ச் 15க்குள்ள ஒரே தடவையா கட்டினா போதும். இந்த மாதிரி ஒரு நல்ல ஏற்பாடு இருக்கறதே பாதி பேருக்கு தெரியல. ஆனா டிடிஎஸ்னு, காசு குடுக்கறப்பவே கம்பெனி நம்ம வரிய புடிச்சுக்கற கூத்து ஒண்ணு இருக்கு பாருங்க, ஒரே மாதிரி ட்ராயிங் தான், ஒரு கம்பெனி இத காண்ட்ராக்ட்டுன்னு சொல்லி 1 சதவீதம் புடிக்குது, இன்னொண்ணு டெக்னிக்கல் சர்வீஸ்னு 2 சதவீதம், இன்னொண்ணு புரொஃபஷனல்னு 10 சதவீதம். அக்கவுண்ட்ஸ்ல இருக்கற பொண்ணுகிட்ட ஏம்மா 10ன்னு கேட்டா "சிஸ்டத்துல அப்படித்தான் சார் செட் ஆயிருக்கு"ங்குது. சரி புடிச்சத ரீஃபண்ட்ல வாங்கிக்கலாம்னா, புடிச்ச காச கவர்மெண்ட்ல கட்டாமயே வெச்சிருக்கற புண்ணியவானும் இருக்காங்க, நம்ம பேர்ல கட்டின வரிய காட்டற 26ஏஎஸ் ஃபார்ம தெறந்து பாத்தா தான் தெரியும்.

ஜிஎஸ்டி அதுக்கு மேல. சர்வீஸ் பண்றவங்களுக்கு வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினா தான் ரெஜிஸ்ட்ரேஷன் எடுக்கோணும். ஆனா கொஞ்சம் பெரிய கம்பெனிங்க பர்ச்சேஸ்ல வெண்டார் கோடு போடறதுக்கே ஜிஎஸ்டி நெம்பர் கேக்கறாங்க, அதனால தேவைப்படாதவங்களும் எடுத்து வெச்சிருக்காங்க. எடுத்துட்டா என்ன ஆகுதுன்னா, 1,00,000 ரூபாய்க்கு பில்லு போட்டா அதுக்கு மேல 18,000 ஜிஎஸ்டி, அத அடுத்த மாசம் 20ந்தேதிக்குள்ள நான் கட்டியாகோணும். கஸ்டமர் எனக்கு காசு குடுத்தாரா இல்லையான்னு கவர்மெண்ட்டுக்கு கவலையில்ல, பில்லு போட்டியா, கட்டு. காசு வர ஆறு மாசம் ஆகும், நான் கை காசு போட்டு கட்டறேன், அந்த கம்பெனி அந்த 18,000த்த உடனே இன்புட் கிரெடிட்டுன்னு அவங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்குது. 180 நாளைக்குள்ள எனக்கு பணம் தரலைன்னா அவங்க அந்த கிரெடிட்ட திருப்பி கட்டோணும்னு ரூல் இருக்குதுங்க, அதனாலயோ என்னமோ அஞ்சரை மாசம் ஆகும் போது அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒரு அசைவு தெரியும். அதாவது நான் வேலையையும் செஞ்சு குடுத்து, அவங்குளுக்கு வட்டியில்லாம கடனும் குடுத்திருக்கேன்.

இப்ப தான் நான் சொல்ல வந்த இடம். இதுக்கு சட்டம் இல்லையான்னா, இருக்கு, அதுவும் நல்ல சட்டம். குறு, சிறு தொழிலுக்குன்னு 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டம். உத்யம்ங்கற கவர்மெண்ட் ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்து, பொருள் செய்யற இல்லைன்னா சர்வீஸ் பண்ற மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு இது, லேத்து ஷெட்டு மட்டுமில்ல, ஊட்டு மாடில கம்ப்யூட்டர் வெச்சு டிசைன் சர்வீஸ் பண்ற தனி ஆளும் இதுல வருவாரு. பார்ட்டிங்க ரெண்டு பேருக்கும் எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளைக்குள்ள பேமெண்ட் குடுத்தாகோணும், ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாளு தான். பர்ச்சேஸ் ஆர்டர்ல 90 நாளுன்னு அச்சடிச்சு குடுத்தாலும் செல்லாது, 45 தான் கடைசி. ட்ராயிங் வாங்கி 15 நாளைக்குள்ள எழுத்துல குறை சொல்லலைன்னா ஏத்துக்கிட்டாங்கன்னு தான் அர்த்தம், ஆறு மாசம் கழிச்சு "உங்க டைமென்ஷன்ல டவுட்டு"ன்னு இழுக்க முடியாது. லேட் ஆனா ரிசர்வ் பேங்க்கோட பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. எங்கயாச்சும் இந்த வட்டிய வாங்கின டிசைனர் ஒருத்தர நான் பாக்கோணும், கைய புடிச்சு குலுக்கோணும்.

உத்யம் எடுக்கறதுக்கு ஒரு பைசா செலவில்ல, ஆதாரும் பானும் இருந்தா போதும், கவர்மெண்ட் சைட்லயே பண்ணிக்கலாம், காசு கேக்கற சைட்டெல்லாம் டுபாக்கூர். வேலையும் பில்லும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுடோணும், சண்ட வந்தப்பறம் எடுத்தா கேஸுல நிக்கறது கஷ்டம்.

2023 பட்ஜெட்ல இதுக்கு இன்னொரு பல்லும் கட்டி விட்டாங்க, வருமான வரிச் சட்டம் 43பி-ல (ஹெச்)னு ஒரு உட்பிரிவு, 2024 ஏப்ரல்ல இருந்து அமல். மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு அந்த 45 நாளு கெடுவுக்குள்ள காசு குடுக்கலைன்னா, வாங்கின கம்பெனி அந்த செலவ அந்த வருஷம் வரி கணக்குல கழிச்சுக்க முடியாது, எப்ப குடுக்கறாங்களோ அந்த வருஷத்துல தான் கழிக்கலாம். இது வந்தப்ப எல்லாருக்கும் ஒரு நடுக்கம் வந்துச்சு பாருங்க, மார்ச் மாசம் பொறந்தா போதும், வருஷம் பூரா போன எடுக்காத அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல இருந்து அவங்களே கூப்புட்டு "சார் உங்க உத்யம் சர்டிபிகேட் ஒரு காப்பி அனுப்புங்க, ஆடிட்டர் கேக்கறாரு"ம்பாங்க. அனுப்பின ஒரு வாரத்துல பாக்கியெல்லாம் வந்துடும். ஒரு மார்ச்சுல எனக்கு வந்த மொத்த காச பாத்துட்டு பேங்குல இருந்தே டெபாசிட் போடறீங்களா சார்னு போன் வந்துச்சு.

ஏன் மார்ச்சு மட்டும்? இத எந்த பேப்பரும் தெளிவா எழுதி நான் படிக்கல, அதனால கொஞ்சம் வெவரமா சொல்றேன். அந்த உட்பிரிவு பாக்கறது ஒரே ஒரு விஷயத்த தான், மார்ச் 31 அன்னைக்கு கெடு தாண்டின பாக்கி நிக்குதா இல்லையா. ஏப்ரல்ல போட்ட பில்லுக்கு ஜூன்ல வர வேண்டிய காச, அவங்க அடுத்த மார்ச் 30ந்தேதி குடுத்தாலும் அதே வருஷத்துக்குள்ள குடுத்தாச்சு, செலவு கழிஞ்சிடும், அவங்குளுக்கு வரில ஒரு ரூபா நஷ்டமில்ல. அப்ப ஏப்ரல்ல இருந்து ஜனவரி வரைக்கும் நான் போடற பில்லு எதுக்கும் மார்ச் வர்ற வரைக்கும் இந்த பல்லு கடிக்கறதே இல்ல. லேட்டுக்கு வட்டி இருக்கேன்னா, அத நான் கேட்டா தானே. நான் கேக்க மாட்டேன்னு அவங்குளுக்கும் தெரியும். ஆக சட்டம் 45 நாளுன்னு சொல்லுது, நடைமுறைல அது வருஷத்துக்கு ஒரு தடவை பட்டுவாடா ஆயிடுச்சு. மாச சம்பளத்துல இருந்து வந்தவனுக்கு இது தாங்காதுங்க, ஈபி பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருது, பால்காரரு மாசாமாசம் வராரு, அவங்கள மார்ச்சுல வாங்கன்னு சொல்ல முடியுமா.

இன்னும் சில எடத்துல நேராவே கேட்டாங்க, உத்யம் இல்லாத ஆளா பாத்து குடுத்துடலாம்னு இருக்கோம், உங்குளுக்கு ஓகேவான்னு. மொரட்டுத்தனமா எல்லாம் கேக்கல, டீ குடுத்து சிரிச்சுக்கிட்டே தான் கேட்டாங்க.

புகார் குடுக்கறதுக்கும் வழி இருக்கு. 2017ல சமாதான்னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சாங்க, அப்படி ஆன்லைன்ல புகார் போட்டா தொழில் துறையோட ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு போகும், நம்ம மாநிலத்துல சென்னை, கோவை, மதுரை, திருச்சி மாதிரி எடத்துல இருக்கு. 90 நாளுல முடிக்கோணும்னு சட்டம் சொல்லுது. கவுன்சில் தீர்ப்ப எதுத்து கோர்ட்டுக்கு போகோணும்னா அந்த கம்பெனி மொதல்ல 75 சதவீத தொகைய கட்டிட்டு தான் போக முடியும். இவ்வளவு பலமா எழுதி வெச்சிருக்காங்க. ஆனா எங்குள்ல யாரும் போறதில்ல, காரணம் ரொம்ப சாதாரணம், இந்த ஊர்ல பம்பு, மோட்டாரு, ஃபவுண்ட்ரி ஆளுங்க எல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் பழக்கம், கொடிசியா கண்காட்சில ஒண்ணா ஸ்டால் போடறவங்க, ஒரு கல்யாணத்துல ஒரே பந்தில உக்காருவாங்க. அந்த டிசைனர் கேஸு போட்ட ஆளுன்னு பேரு வந்துடுச்சுன்னா கணபதில இருந்து குறிச்சி சிட்கோ வரைக்கும் கதவு சாத்திடும். 40,000 ரூபாய்க்கு ஊர பகைச்சுக்க முடியுமா.

முதலாளிங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அத மறைக்க கூடாது. நான் ட்ராயிங் போட்டுக் குடுக்கறவரு பாதி பேரு அவரே சின்ன ஆளு தான், அவரு சப்ளை பண்ற பெரிய கம்பெனி அவருக்கு 90 நாளு, 120 நாளுன்னு இழுக்குது, இரும்பு வெல ஏறிக்கிட்டே இருக்கு, பட்டறைல ஆளுகளுக்கு சனிக்கிழமை கூலி குடுத்தாகோணும். ஒருத்தரு என்கிட்ட சொன்னாரு, "தம்பி, உனக்கு குடுக்கோணும்னு தான் நெனைக்கறேன், கூலி குடுக்கலைன்னா திங்கக்கிழமை ஆளு வரமாட்டான், நீ வருவீல்ல". அதுக்கு என்னத்த பதில் சொல்றது, நான் போனேன் திங்கக்கிழமை. மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாரும் அவங்குளுக்கு அடுத்து இருக்கறவங்க தலைல பாக்கிய எறக்கி வெச்சுடறாங்க, எனக்கு கீழ யாரும் இல்ல.

இதே வேடிக்கை எங்குளுக்கு கொஞ்சம் தள்ளி சோமனூர் பக்கம் விசைத்தறில வேற மாதிரி நடக்குது. அவங்களும் கூலிக்கு நெசவு பண்றவங்க தான், பாவு நூலு மாஸ்டர் வீவருது, தறியும் கரண்ட்டும் இவங்குளுது. 2025ல கூலி ஏத்தி தரலைன்னு சோமனூர், பல்லடம் பக்கம் கிட்டத்தட்ட ஒரு மாசம் தறிய நிறுத்திட்டாங்க, உண்ணாவிரதம் இருந்தாங்க, அதிகாரிங்க உக்காந்து பேசி கூலி ஏத்திக் குடுத்தாங்க. பேசினது முழுசா நடக்குதா இல்லையாங்கறது தனி கத. ஆனா அவங்குளுக்கு சங்கம் இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல உக்காந்து பேச ஆளு இருக்கு. ஜாப் ஆர்டர் பட்டறைங்களுக்கும் சங்கங்க இருக்கு. டிசைனர், ப்ரோகிராமர், கணக்கு எழுதறவங்க, டிரான்ஸ்லேஷன் பண்றவங்க, இந்த மாதிரி ஊட்டுக்குள்ள உக்காந்து தனித்தனியா வேலை பாக்கறவங்குளுக்கு என்ன இருக்கு? தமிழ்நாட்டுல கிக் தொழிலாளர் நல வாரியம் வந்துருக்கு, வரவேற்க வேண்டியது தான், ஆனா அது சாப்பாடு டெலிவரி, டாக்சி மாதிரி ஆப்பு மூலமா வேலை செய்யறவங்குளுக்கு. எங்க வேலைல நடுவுல ஆப்பே கிடையாது, அதனால நாங்க அதுலயும் வரல, தொழிலாளின்னு இ.எஸ்.ஐ.லயும் வரல.

ஒரு விஷயம் கவனிச்சீங்கன்னா, வெளிநாட்டுல இருந்து ஃப்ரீலான்ஸ் சைட் வழியா வர்ற வேலைல இந்த தொல்ல கம்மி. ஜெர்மனில யாரோ ஒருத்தரு, மொகத்த கூட பாத்ததில்ல, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே காச அந்த சைட்ல கட்டி வெச்சுடறாரு, வேலை முடிச்சா ரிலீஸ் ஆயிடுது. சைட்டுக்காரன் கமிஷன் புடிக்கறான் தான், புடிச்சுட்டு போகட்டும். அவினாசி ரோட்டுல இருக்கற கஸ்டமருகிட்ட அட்வான்ஸ் கேட்டா மட்டும் மொகம் மாறிடுது, "நம்பிக்கை இல்லீங்களா எங்க மேல"ன்னு. நம்பிக்கை எல்லாம் இருக்குதுங்க.

அதனால நாங்க சில பேரு இப்ப பேசி வெச்சிருக்கோம், ஆர்டரோட 40 சதவீதம், அப்ரூவலுக்கு பிடிஎஃப் அனுப்பறப்ப 40, அந்த காசு வந்தப்பறம் தான் ஸ்டெப் ஃபைலும் (எந்த டிசைன் சாஃப்ட்வேர்லயும் தெறக்கற 3டி ஃபைலு) ஒரிஜினல் 3டி மாடலும், மீதி 20. பிடிஎஃப்ல குறுக்க "அப்ரூவலுக்கு மட்டும்"னு எழுதிடறது. பில்லு ஒவ்வொண்ணுலயும் உத்யம் நெம்பரும் 45 நாளு வாசகமும் அச்சு. இத ஒருத்தர் மட்டும் பண்ணினா அவருக்கு ஆர்டர் போயிடும், பத்து பேரு பண்ணினா அது ஊரு வழக்கம் ஆயிடும்ங்கறது தான் கணக்கு. புதுசா வேலைய விட்டுட்டு வர்றவங்ககிட்ட நான் கையெடுத்து கும்புட்டு கேக்கறது இது ஒண்ணு தான், கஸ்டமர் புடிக்கோணும்னு அட்வான்ஸ் வேண்டாம், 90 நாளு பரவால்லன்னு எறங்கி வராதீங்க, நீங்க எறங்கினா எங்களையும் சேத்து எறக்கறீங்க.

உங்க பேப்பர் மூலமா கேக்கறது, மாவட்ட தொழில் மையத்துல கடன் மேளா போடற மாதிரி வருஷத்துக்கு ரெண்டு தடவை இந்த லேட் பேமெண்ட்டுக்கும் ஒரு முகாம் போடட்டும், அங்க தனி ஆளு பேரு வெளிய தெரியாம மொத்தமா பத்து இருவது பேரோட பாக்கிய சேத்து கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்ப ஒரு ஏற்பாடு இருந்தா பாதி பிரச்சன அங்கயே முடிஞ்சிடும். வரி சட்டத்துல அந்த மார்ச் 31 கணக்க மூணு மாசத்துக்கு ஒருக்கான்னு மாத்த முடியுமான்னு தெரிஞ்சவங்க மேல எடுத்துட்டு போகட்டும், அட்வான்ஸ் டாக்ஸ் மட்டும் கம்பெனிங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா கட்டறாங்கல்ல. அப்பறம் உங்க இணைப்புல அடுத்த தடவை இத பத்தி எழுதறப்ப பீச்சு படத்துக்கு பதிலா பில்லு புக்கு படம் போடுங்க.

இவ்வளவும் சொல்றதால வேலைய விட்டது தப்புன்னு நான் சொல்றேன்னு எடுத்துக்க வேண்டாம். பழைய கம்பெனில கூப்புட்டாலும் போற ஐடியா இல்ல. மத்தியானம் ஊட்டு சோறு, புடிச்ச வேலை, மீட்டிங் கெடையாது.

லெட்டர் போட்டீங்கன்னா என் பேரும் அட்ரஸும் போட வேண்டாமுங்க, கணபதி, கோயம்புத்தூர்னு மட்டும் போட்டுக்கோங்க. பாக்கி வெச்சிருக்கற கஸ்டமர் ரெண்டு பேரு ஆபீஸ் ரிசப்ஷன்ல உங்க பேப்பர் தான் கெடக்குது.

இப்படிக்கு
ஒரு டிசைன் இன்ஜினியர்
கணபதி, கோயம்புத்தூர்